பழைய பாக்கெட் வாட்ச்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டில் பழைய வால்தம் (அமெரிக்க நிறுவனம்) பாக்கெட் வாட்ச் இருக்கிறது. மூடியின் உட்புறம் '14 காரட், 20 ஆண்டு உத்தரவாதம்' என்று பொறித்திருக்கிறது. நகைக்கடையில் உரசிப் பார்த்துத் தங்கம் என்றார்கள். உருக்கக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த '20 ஆண்டு'தான் விடை. பித்தளைத் தகட்டின் இருபுறமும் மெல்லிய தங்கத் தகட்டைப் பொருத்திச் செய்த கூடு அது. மேல்தகடு அத்தனை ஆண்டு தேயாது என்பதே உத்தரவாதம். முழுத் தங்கத்துக்கு ஆண்டுக்கணக்கு எதற்கு? உரைகல்லில் ஒட்டியது அந்த மேல்தகடு. வளையம், கீல், மூடி விளிம்பு ஆகியவற்றை லென்ஸில் பாருங்கள், பித்தளை தெரியும். (சுவிஸ் வாட்சாக இருந்தால் முத்திரையைத் தேடலாம். 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 காரட்டுக்கு ஹெல்வெட்டியா என்னும் பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு அணில்.)

உருக்கினால் கிடைப்பது சொற்பத் தங்கம். கூடு போனால், நல்ல மூவ்மென்ட் (உள்ளே ஓடும் இயந்திரம்) அனாதையாகிவிடும். அந்நாளில் அமெரிக்க ஆலைகள் பெரும்பாலும் மூவ்மென்டை மட்டும் விற்றன; கூட்டை வாங்குபவர் கடையில் தனியே தேர்ந்தெடுத்தார். ஆகவே வாட்சின் வயதை அறிய மூவ்மென்டில் உள்ள எண்ணையே பாருங்கள், கூட்டின் எண்ணை அல்ல.

கேள்வி: முழுதாகச் சாவி கொடுத்ததும் நின்றுவிட்டது. 'ஓவர் வைண்டிங்' என்கிறார்கள். எண்ணெய் விட்டால் ஓடுமா?

பதில்: முழுச் சாவி கொடுப்பதால் எந்த நல்ல வாட்சும் நிற்காது. பழைய எண்ணெய் பிசினாகிச் சக்கரங்களைப் பிடித்திருக்கும். அல்லது எப்போதோ கீழே விழுந்து, பேலன்ஸ் என்னும் ஆடும் சக்கரத்தின் அச்சில் தலைமுடியளவே தடிமனுள்ள முனை ஒடிந்திருக்கும். பிசின்மேல் எண்ணெய் விட்டால் அழுக்கு கரைந்து, மாணிக்கக் கற்களின் துளைக்குள் போய் அச்சை அராவும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

முழுதாகப் பிரித்துக் கழுவுவதே வழி. பிரிக்கும் முன் ஸ்பிரிங்கின் விசையை இறக்க வேண்டும்: ஸ்பிரிங் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் கொக்கியை விலக்கிப் பிடித்து, சாவிக் குமிழை விரல்களுக்கிடையே மெல்ல மெல்லப் பின்னோக்கி விட வேண்டும். விசையோடு கழற்றினால் சக்கரப் பல் உடையும். கழுவிய பின் கடிகார எண்ணெயை ஊசி முனையளவு மட்டும் வைக்க வேண்டும். ஆங்கர் (சக்கரத்தைப் பல் பல்லாக நகரவிடும் உறுப்பு) அச்சுக்குப் பொதுவாக எண்ணெய் வைப்பதில்லை.

கேள்வி: குமிழை இழுத்தாலும் முள் நகரவில்லையே?

பதில்: இழுக்காதீர்கள், ஸ்டெம் (குமிழின் தண்டு) கையோடு வந்துவிடலாம். அது லீவரை இழுத்து நேரம் வைக்கும் வகையாக இருக்கலாம். முன்கண்ணாடி வளையத்தை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். டயல் ஓரத்தில், பெரும்பாலும் 1, 2 மணிக்கு அருகே, சிறு நெம்புகோல் இருக்கும். நகத்தால் வெளியே இழுத்து, குமிழைத் திருகி நேரம் வைத்து, மறுபடி உள்ளே தள்ளுங்கள். சாவி கொடுக்கும்போது தவறியும் நேரம் மாறக் கூடாது என்றுதான் அமெரிக்க ரயில்வே நிறுவனங்கள் இந்த வகையைக் கேட்டன.