டிக் டிக் இல்லாத சாவிக் கடிகாரம்: பல லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஜப்பானின் கிராண்ட் சீகோ தயாரிக்கும் 'ஸ்னோஃப்ளேக்' கைக்கடிகாரத்தைக் கடையில் பத்து நிமிடம் கட்டிப் பார்த்தேன். மணிவிழாப் பரிசாக அதையே வாங்கித் தருவதாக மகள் சொல்கிறாள். நொடிமுள் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. காதில் வைத்தால் சத்தமே இல்லை. கையில் கனமும் இல்லை. கடைக்காரர் மெக்கானிக்கல் என்கிறார், அதே மூச்சில் உள்ளே குவார்ட்ஸ் இருக்கிறது என்கிறார். செல் போட்ட கடிகாரத்தைப் பல லட்சம் கொடுத்து வாங்கப் போகிறோமோ என்று பயம். கழற்றி வைத்தால் நின்றுவிடுமா? பழுதானால் யார் பார்ப்பார்கள்?

பதில்: செல் கிடையாது ஐயா. அந்தப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். நீங்கள் கட்டிப் பார்த்தது 'ஸ்பிரிங் டிரைவ்' என்ற வகை. கடைக்காரர் சொன்ன இரண்டுமே உண்மைதான். அவர் சொன்ன வரிசைதான் உங்களைக் குழப்பியிருக்கிறது.

சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தில் சுருள்வில் பற்சக்கரங்களைத் தள்ளும். அவை ஒரேயடியாகச் சுழன்று தீர்ந்துவிடாதபடி, கடைசியில் ஒரு சின்ன நெம்புகோல் சக்கரத்தின் பல்லைப் பிடித்துப் பிடித்து விடும். அப்படிப் பிடித்து விடும் ஓசையைத்தான் நாம் டிக் டிக் என்று கேட்கிறோம். ஸ்பிரிங் டிரைவிலும் சுருள்வில் உண்டு, பற்சக்கரங்கள் உண்டு, கை அசைவில் தானே சாவி ஏறிக்கொள்ளும் அமைப்பும் உண்டு. நெம்புகோல் மட்டும் இல்லை. அந்த இடத்தில் நொடிக்கு 8 சுற்று சுழலும் ஒரு சக்கரம் இருக்கிறது. அது சுழலும்போது சைக்கிள் டைனமோ போலத் துளி மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம் ஒரு சின்னஞ்சிறு மின்னணுச் சில்லுக்கும் (சிப்), நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்துக்கும் போகிறது. சக்கரம் வேகமெடுக்கப் பார்த்தால், படிகத்தின் கணக்கோடு ஒப்பிட்டு, காந்தவிசையால் பிரேக் பிடிக்கிறது சில்லு. எந்தப் பாகத்தையும் தொட்டுத் தேய்க்காத பிரேக்! வண்டியை இழுக்கும் மாடு சுருள்வில். படிகம், மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருக்கும் கை. அதனால்தான் முள் தாவுவதில்லை, ஓசையும் எழுவதில்லை. செல் போட்ட சாதாரணக் கடிகாரத்தின் நொடிமுள் நொடிக்கு ஒரு தாவல் தாவும். சாவிக் கடிகாரத்தினுடையது நொடிக்கு ஆறு, எட்டு என்று பொடிநடை போடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டின் துடிப்பும் தெரிந்துவிடும். இதில் லென்ஸ் வைத்தாலும் வழுக்கல்தான்.

இந்த வகை முதன்முதலில் என் மேசைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. பழக்கதோஷத்தில் டைமிங் மெஷின் மேல் வைத்தேன். அந்தக் கருவி உண்மையில் ஒரு மைக்ரோபோன்; டிக் டிக் ஓசையைக் கேட்டு, ஓட்டம் முந்துகிறதா பிந்துகிறதா என்று திரையில் கோடு போடும். அரை நிமிடம் காத்திருந்தேன். கோடே வரவில்லை. கடிகாரம் நின்றுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தால், நீல முள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கேட்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது உறைக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. தெருமுனைக் கடையில் இதைத் திறக்க விடாதீர்கள். எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், சில்லையும் மின்கம்பிச் சுருளையும் சோதிக்கும் கருவியும் உதிரிப் பாகமும் அவரிடம் இருக்காது. நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்குத்தான் போக வேண்டும். 3 அல்லது 4 ஆண்டுக்கு ஒருமுறை முழுசாகப் பிரித்து எண்ணெய் போடச் சொல்கிறார்கள். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே மகளிடம் சொல்லிவிடுங்கள்.

கழற்றி வைத்தால்? முழுச் சாவியில் 72 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு கழற்றினால் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். நான்கு நாள் என்றால் நின்றுவிடும். மறுபடி திருகைத் திருகிச் சாவி கொடுத்து, நேரம் வைத்தால் போதும். எவ்வளவு சாவி மிச்சமிருக்கிறது என்பதை டயலின் இடது கீழ்ப்பக்கத்தில் இருக்கும் சின்ன முள், வண்டியின் பெட்ரோல் முள்ளைப் போலக் காட்டும். அது டயலின் அழகைக் கெடுக்கிறது என்று குறைப்படுபவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கும்.

நேரத் துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. மாதத்துக்கு 15 நொடி முன்பின் போகலாம் என்பது நிறுவனம் தரும் கணக்கு. சுவிட்சர்லாந்தில் சான்றிதழ் பெறும் குரோனோமீட்டர் கடிகாரங்களுக்கு ஒரு நாளைக்கே 4 நொடி பிந்துவதும் 6 நொடி முந்துவதும் அனுமதி என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த யோசனை 1977இல் யோஷிகாசு அகாஹானே என்ற பொறியாளருக்கு வந்தது. கடைக்கு வந்தது 1999இல். சில்லு குடிக்கும் மின்சாரத்தைச் சுருள்வில் தாங்கும் அளவுக்குக் குறைப்பதிலேயே பெரும்பாடு பட்டார்கள். சீகோவின் உயர்ரகமான கிராண்ட் சீகோவில் இது இடம்பிடித்தது 2004இல். 2025இல் ஆண்டுக்கே 20 நொடிதான் பிசகும் என்ற ரகமும் வந்துவிட்டது. ஆனால் அதற்காக நீங்கள் மனத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. மாதத்துக்குக் கால் நிமிடப் பிசகால் யாரும் ரயிலைத் தவறவிடப் போவதில்லை.

கனமில்லை என்கிறீர்கள். அது டைட்டானியம். எஃகைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லேசு. செயினோடு சேர்த்து 100 கிராம்தான் வரும். விலை உயர்ந்தது கனக்க வேண்டும் என்பது தங்கத்தில் பழகிய நம் கையின் கணக்கு. நாள் முழுக்கக் கட்டியிருந்து பாருங்கள், அறுபது வயது மணிக்கட்டு நன்றி சொல்லும்.

என் கவலை வேறு. கடை விளக்கில் எல்லாமே மின்னும். இந்த டயலின் பெருமையே, ஜப்பானின் ஷின்ஷு மலைப்பகுதியில் காற்று வருடிய பனிப்பரப்பை ஒத்த அதன் சொரசொரப்புதான். வெள்ளைச் சாயம் பூசாமல் வெள்ளி முலாம் போட்டு அந்த வெண்மையைக் கொண்டுவருகிறார்கள். உச்சி விளக்கு அதைத் தட்டையாக்கிவிடும். மறுமுறை போகும்போது சன்னலோரம் கொண்டுபோய், சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். அங்கே மனம் லயிக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம்; நீங்கள் கொடுக்கும் காசில் பாதி அந்த டயலுக்குத்தான் என்பேன். அப்படியே விளக்கில்லாத மூலையிலும் ஒரு முறை பாருங்கள். முட்களில் இருட்டில் ஒளிரும் பூச்சு கிடையாது. நள்ளிரவில் விழித்து மணி பார்க்கும் பழக்கம் இருந்தால் தலைமாட்டில் வேறொரு கடிகாரம் தேவைப்படும்.

அளவு 41 மில்லிமீட்டர். செயின் மாட்டும் காதுகளுக்கிடையே நீளவாக்கில் 49. உங்கள் மணிக்கட்டின் மேற்பரப்பு அதைவிடக் குறுகல் என்றால் காதுகள் வெளியே துருத்தும். செயின் கொக்கியில் நுணுக்கமாகத் தளர்த்தி இறுக்கும் வசதியும் இல்லை. இந்த விலைக்கு அது இல்லாதது குறைதான். வெயிலில் கை வீங்கும்போது இறுக்கும். அதனால் மதிய வெயிலில் நடந்து, கை சற்றே உப்பியிருக்கும்போது கடைக்குப் போய் அளவு எடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய கண்ணிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டே தேவைப்படலாம். உத்தரவாதத்தில் விற்ற தேதியும் கடிகாரத்தின் எண்ணும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று அங்கேயே நின்று சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்கு வந்ததும் செல்போன் ஒலிபெருக்கி, காந்தம் வைத்த கைப்பை இவற்றின் மேல் வைக்காதீர்கள். பிரேக்கே காந்தத்தில் ஓடும் கடிகாரம் இது.