வாகன மருத்துவம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழை ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்த என் காரின் எஞ்சின் அண்மையில் அளவுக்கு மீறிச் சூடேறி, ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது. பட்டறையில் எஞ்சினைப் பிரித்தவர்கள் எஃகு அடிக்கோலைச் சிலிண்டர் ஹெட்டின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் வளைந்திருக்கிறது, சீவி மாட்டிவிடலாம்” என்கிறார்கள். பிளாக்கை அவர்கள் அளக்கவில்லை. அவர்கள் சொல்வதை ஏற்கலாமா?
- வாசகர், ஈசூன்

பதில்: ஹெட்டைச் சீவ இப்போதைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நாம் தேடும் கோணல் 0.05 மி.மீ. அளவிலானது, கோடு போடுவதற்கான அடிக்கோலின் விளிம்பே அந்த அளவுக்கு நேராக இருக்குமென்று சொல்ல முடியாது. துல்லியமாகத் தீட்டப்பட்ட நேர்விளிம்புச் சட்டமான ஸ்ட்ரெய்ட் எட்ஜும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பான ஃபீலர் கேஜும் வேண்டும். அளப்பதற்கு முன் பழைய கேஸ்கட்டின் மிச்சத்தை முழுவதும் நீக்கி, வழிகாட்டி ஊசிகளைக் கழற்றி, போல்ட் துளைகளைச் சுற்றி உலோகம் மேலெழும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுழலும் தேய்ப்பு வட்டால் சுத்தம் செய்ய விடாதீர்கள்: அலுமினியத்தில் அது பள்ளம் பறித்துவிடும், அதன் துகள் எண்ணெயோடு கலந்து பேரிங்குகளையும் அரிக்கும்.

ஹெட் நன்றாக ஆறிய பிறகு, நீளவாட்டிலும் குறுக்கிலும் இரு மூலைவிட்டங்களிலும் ஸ்ட்ரெய்ட் எட்ஜை நிறுத்தி, எந்தத் தகடு எங்கே நுழைகிறது என்று குறிக்க வேண்டும். பல பெட்ரோல் எஞ்சின்களுக்கு வரம்பு 0.05 முதல் 0.1 மி.மீ. வரை, உங்கள் எஞ்சினுக்கு அதன் பழுதுபார்ப்புக் கையேடு சொல்வதே முடிவு. ஆனால் எண்ணைவிட இடத்தையே நான் முதலில் கேட்பேன். முழு நீளத்தில் மெல்லப் பரவிய வளைவைவிட, இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே சட்டென்று விழுந்த சிறு பள்ளம் ஆபத்தானது.

உங்கள் பட்டறையினர் சொல்லாத ஒன்று உண்டு. சூடேறினால் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். பிளாக் இரும்பாக இருந்தால், போல்ட்டுகளால் அதனோடு பிணைக்கப்பட்ட அலுமினிய ஹெட் விரிய இடமின்றி வளைகிறது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருக்கும் எஞ்சினில் அதன் பேரிங் வரிசையும் கூடவே வளைகிறது. அடிப்பரப்பை மட்டும் சீவினால் அது நேராகும், மேலே உள்ள வரிசை வளைந்தே இருக்கும். கேம்ஷாஃப்ட் இறுகித் தேயும், சில வேளைகளில் முறிந்தும் போகும். ஆகவே வால்வை அழுத்தும் பாகங்களை எடுத்துவிட்டு, பேரிங் மூடிகளை உரிய அளவில் முறுக்கி, கேம்ஷாஃப்ட் கையால் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இறுகினால் முதலில் ஹெட்டையே நிமிர்த்த வேண்டும், அல்லது வேறு ஹெட் தேட வேண்டும்.

பிளாக்கையும் இதே முறையில் அளந்தாக வேண்டும். சீவும்போது அழுத்த விகிதம் ஏறுகிறது, வால்வுகள் பிஸ்டனை நெருங்குகின்றன. அதனால்தான் சில தயாரிப்பாளர்கள் ஹெட், பிளாக் இரண்டிலும் சேர்த்தே 0.2 மி.மீ.க்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறார்கள். பிளாக்குக்கு எவ்வளவு தேவைப்படும் என்று தெரியாமல் ஹெட்டில் எவ்வளவு எடுக்கலாம் என்று யார் சொல்ல முடியும்? கேஸ்கட் பல அடுக்கு உலோகத் தகடாக இருந்தால் சீவிய பரப்பு மிக வழவழப்பாகவும் இருக்க வேண்டும். ஐந்தாண்டுப் புதுப்பிப்பு முடிந்ததும் காரைப் பதிவுநீக்கம் செய்தே ஆக வேண்டும் என்பதால், எஞ்சினை மறுபடி பிரிக்கும் செலவு உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

கேள்வி: லாரியின் டீசல் எஞ்சினுக்கும் இதே சோதனைதானா?
- வாசகர், துவாஸ்

பதில்: பெரும்பாலும் இதுவே. ஆனால் ஈர லைனர் (குளிர்விக்கும் நீர் நேரடியாகத் தொடும், தனியே கழற்றக்கூடிய சிலிண்டர் உறை) உள்ள எஞ்சினில், ஒவ்வொரு லைனரும் பிளாக்கின் பரப்புக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை டயல் கேஜால் பல புள்ளிகளில் அளந்து, அடுத்தடுத்த லைனர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். சில டீசல் ஹெட்டுகளைச் சீவவே தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை. பிஸ்டன் மேலெழும் உயரத்துக்கு ஏற்ப வெவ்வேறு தடிமனில் கேஸ்கட் தரப்படும் எஞ்சின்களில், ஓரத்துத் துளைகளோ வெட்டுகளோ தடிமனைக் காட்டும். பழைய கேஸ்கட்டை எறிவதற்கு முன் அவற்றை எண்ணி வையுங்கள். பிளாக்கைச் சீவினாலோ பிஸ்டனை மாற்றினாலோ அந்த எண்ணிக்கை உதவாது, உயரத்தைப் புதிதாக அளந்தே கேஸ்கட் வாங்க வேண்டும்.