விண்டோஸ் 10 காலாவதியானால் மடிக்கணினியை மாற்றியே தீர வேண்டுமா?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். 2017-இல் வாங்கிய மடிக்கணினியில் விண்டோஸ் 10 உள்ளது. கோவையில் ஒரு கடையில் காட்டியபோது, இனி இது உதவாது என்று சொல்லி, விண்டோஸ் 11 ஏற்றிய பழைய மடிக்கணினி ஒன்றை 16,000 ரூபாய்க்குத் தருவதாகக் கூறினர். வாங்கலாமா? பின்னர் தகராறு வந்தால் வழக்குக்காகக் கோவைக்கு அலைய நேருமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தியது உண்மைதான். அதனால் உங்கள் கணினி இயங்காமல் போய்விடாது; புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும் என்பதே ஆபத்து. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அந்தப் புதுப்பிப்புகள் தொடர்ந்து கிடைக்கும். கணினியில் 22எச்2 பதிப்பு இருந்தால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பைக் காணலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை அதில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை.

கடைக்காரர் காட்டும் கணினியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் மிகச் சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். நிறுவும்போது இவை உள்ளனவா என்று பார்க்கும் சோதனையைத் தாண்டி, தகுதியில்லாத கணினியிலும் விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிட முடியும். ஆனால் அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வருமென்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. அப்படி ஒன்றை வாங்கினால், 16,000 ரூபாய் கொடுத்தும் இப்போதிருக்கும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். ஆகவே பிராசசரின் பெயரைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஐ5-7200யூ என்றிருந்தால் அது ஏழாம் தலைமுறை, ஐ5-8250யூ என்றிருந்தால் எட்டாம் தலைமுறை.

வீட்டில் இணையம், கடிதம், பாடம் ஆகியவற்றுக்கு மட்டுமே கணினி பயன்படுகிறதென்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறுவதே நல்லது என்பேன். கேரள அரசுப் பள்ளிகளில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட கைட் லினக்ஸ் பயன்படுவதால், அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு அது பழகியதாகவே இருக்கும். நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். தமிழ்99, மலையாளம் இரண்டு விசைப்பலகைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். டாலியில் கணக்கு எழுதுபவராக இருந்தால் விண்டோஸிலேயே இருப்பது உத்தமம்.

வழக்குக்காகக் கோவைக்குப் போக வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இடமளிக்கிறது. எனவே பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நீங்கள் அணுகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பார்க்கலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்லைத்தான். கணினியின் வரிசை எண், பிராசசரின் முழுப் பெயர், எத்தனை மாத வாரண்டி என்பது ஆகிய மூன்றையும் அதில் எழுதித் தர மறுக்கும் கடையில் பணத்தைக் கட்டாதீர்கள்.