சில்வர் நல்லவனா, கெட்டவனா?

அன்புள்ள ஐயா,

என் ஒன்பது வயது மகளுக்கு இரவுகளில் ஸ்டீவன்சனின் கடற்கொள்ளையர் கதையான ‘புதையல் தீவு’ வாசித்துக் காட்டினேன். முடித்ததும், “சில்வர் நல்லவனா, கெட்டவனா?” என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. நல்லதும் கெட்டதும் தெளிவாகப் பிரிந்திருக்கும் கதைகளைத்தானே இந்த வயதில் கொடுக்க வேண்டும்? பிள்ளையைக் குழப்பிவிட்டேனோ என்று கவலையாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கவலையை விடுங்கள். அவள் கதையைச் சரியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

கப்பலின் சமையலறைக்குச் சிறுவன் ஜிம் வரும்போதெல்லாம், அங்கே சமையல்காரனாக இருக்கும் கடற்கொள்ளையன் சில்வர் அவனை வாய்நிறைய வரவேற்று, கதை பேசுகிறான். சிறுவனுக்கு அவனைப் பிடித்துப்போகிறது, வாசிக்கும் நமக்கும்தான். அதே சில்வர் தீவில், தன்னோடு சேர மறுத்த மாலுமியை ஊன்றுகோலை எறிந்து வீழ்த்திக் கத்தியால் குத்துகிறான். மறைந்திருந்து பார்த்த ஜிம்முக்குத் தலை சுற்றுகிறது. தெளிந்து பார்த்தால், சில்வர் ஒரு பிடி புல்லால் கத்தியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். பின்னால் ஜிம்மின் உயிரைக் காப்பாற்றுவதும் அவன்தான், அதில் அவனுடைய சொந்தக் கணக்கும் இருந்தாலும்.

கொலை கொடுமை என்பதில் உங்கள் மகளுக்குச் சந்தேகமே இருக்காது. தனக்குப் பிடித்தவன் அதைச் செய்தான் என்பதுதான் அவளுக்குச் செரிக்கவில்லை. பெரியவர்களான நமக்கு மட்டும் செரிக்கிறதா?

நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவே தெளிவாகக் கோடு போட முயன்றவர்களும் உண்டு. ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ வைட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். பெற்றவள் தப்பித்தாள், பழி முழுவதும் இன்னொருத்தி தலையில் விழுந்தது. அன்பான மாற்றாந்தாயிடம் வளரும் ஒரு குழந்தை இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அதற்காக, வில்லனுக்குச் சோகமான ஒரு இளமைப்பருவத்தைக் கொடுத்து, செய்த பாவத்தையெல்லாம் கண்ணீரில் கழுவிவிடும் கதைகளையும் நான் ஏற்கமாட்டேன். அடிபட்டவனை அவை மறந்துவிடுகின்றன. சில்வரின் கதை அந்த மாலுமியை மறக்க விடுவதில்லை.

கடைசியில் சில்வர் ஒரு மூட்டை நாணயத்தோடு நழுவிவிடுகிறான் அல்லவா? அவன் தப்பியது அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேளுங்கள். நீங்கள் குறுக்கே பேசாமல் அவள் சொல்லி முடிக்கட்டும். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்