துடிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரை சாப்பிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு ஒழுங்கில்லாத இதயத் துடிப்பு. வால்வு கோளாறு எதுவும் இல்லை. தினமும் இரவு அசிட்ரோம் போடுகிறார். இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2.4 இருந்தது, இந்த மாதம் 1.5 ஆகிவிட்டது. கீரையே தொடக்கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். முற்றத்தில் முருங்கை நிற்கிறது. என்ன செய்வது?
(வாசகி, தக்கலை)

பதில்: கீரையை நிறுத்த வேண்டாம். வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் அசிட்ரோம் இரத்தம் உறைவதைக் குறைக்கிறது. கீரைகளில் அதே வைட்டமின் நிறைய உண்டு. மருத்துவர் மாத்திரை அளவை முடிவு செய்தது, அம்மா அப்போது சாப்பிட்டு வந்த கீரையையும் சேர்த்துத்தான். ஒரு வாரம் தினமும் முருங்கையிலைத் துவரன் வைத்தால் ஐ.என்.ஆர். இறங்கும், இரத்தக்கட்டி அபாயம் கூடும். பயந்து அடியோடு நிறுத்தினால் ஏறும், இரத்தக் கசிவு வரலாம். வாரம் இரண்டு நாள், ஒரு கரண்டி என்றால் எல்லா வாரமும் அப்படியே இருக்கட்டும். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வழக்கம்போல் சாப்பிடலாம்.

அம்மாவுக்கு இலக்கு பொதுவாக 2 முதல் 3 வரை. 1.5 குறைவு, அதனால் மருத்துவரை உடனே பாருங்கள். அதற்கு முன் மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். பல நேரம் காரணம் கீரை அல்ல, விட்டுப்போன மாத்திரைதான். மறந்தது அன்றே நினைவு வந்தால் போடலாம். மறுநாள் நினைவு வந்தால் இரட்டையாகப் போடவே கூடாது.

மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவது கீரையைவிடப் பெரிய ஆபத்து. வயிற்றில் புண் வந்து இரத்தம் கசியும். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்தால் ஐ.என்.ஆர். சட்டென்று ஏறும். அசிட்ரோம் போடுவதைச் சொல்லி, சில நாளில் மறுபரிசோதனை செய்யுங்கள். வைத்தியர் தரும் கஷாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலம் கறுத்தாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ, நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரத்தம் உறைவதைக் குறைக்கும் ரிவராக்சாபன் போன்ற புது மாத்திரைகளுக்கு இந்தக் கீரைக் கணக்கு கிடையாது. ஆனால் ரிவராக்சாபன் 15, 20 மி.கி. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உடம்பில் சேராது. விரதம், நோன்பு நாளிலும் சாப்பாட்டோடுதான் போட வேண்டும்.

கேள்வி: கடல் தொழில் செய்கிறேன். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் 200 மி.கி. சாப்பிடத் தொடங்கியதிலிருந்து வெயிலில் முகம் எரிகிறது. கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கலாமா?
(வாசகர், குளச்சல்)

பதில்: எரிச்சலுக்குக் காரணம் மாத்திரைதான். தோல் வெயிலைத் தாங்காது, நாளாவட்டத்தில் நீலச் சாம்பல் நிறமும் படரலாம். முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு மூன்றும் வேண்டும். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயிலும் சுடும் என்பதால் தொப்பி மட்டும் போதாது. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்தினாலும் உடம்பிலிருந்து போக மாதக்கணக்கு ஆகும்.

ஒரு 200 மி.கி. மாத்திரையில் சுமார் 75 மி.கி. அயோடின் இருக்கிறது. அது தைராய்டைப் பாதிக்கலாம், மருந்து கல்லீரலையும் பாதிக்கலாம். அதனால் 6 மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். வறட்டு இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் காத்திருக்காதீர்கள். பம்ளிமாஸ் பழம் வேண்டாம், மருந்து இரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறக்கூடும். ஒன்றிரண்டு கிளாஸ் கட்டஞ்சாயா பரவாயில்லை, குடித்ததும் படபடப்பு வந்தால் விட்டுவிடுங்கள். மது துடிப்பையே கெடுக்கும்.

கேள்வி: இதயத்துக்கு டிகாக்சினும், சிறுநீரை அதிகம் பிரிக்கும் லாசிக்ஸும் சாப்பிடும் அப்பா, இருமலுக்கு அதிமதுரம் மெல்லுகிறார். மலச்சிக்கலுக்கு இசப்கோலும் உண்டு. சரியா?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: அதிமதுரத்தை இன்றே நிறுத்துங்கள். அதுவும் லாசிக்ஸும் பொட்டாசியத்தை வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் வழக்கமான அளவு டிகாக்சினே நஞ்சாகும். அதை ஈடுகட்ட இளநீர் கொடுக்கலாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சிறுநீரகக் கோளாறோ, பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையோ இருந்தால் பொட்டாசியம் ஏறிவிடும், இரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும். இசப்கோலுக்கும் டிகாக்சினுக்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரைக்கு முன் ஒரு நிமிடம் முழுக்க நாடி எண்ணுங்கள். 60-க்குக் கீழே இருந்தாலோ, வாந்தி வந்தாலோ, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தாலோ அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.