ரொம்ப வருஷமா உங்களை உறுத்திட்டு இருக்குற சின்ன விஷயம் எது? எனக்கு பத்து ரூபா காயின்

தினசரி வாழ்க்கையில இது ஏன் இப்படின்னு புரியாமலே எரிச்சல் தர்ற சின்ன விஷயம் எதுன்னு கேட்ருக்கீங்க. என்னோட பதில் பத்து ரூபா காயின். நல்ல கவர்மென்ட் காசு, அதை ஏன் பாதி தமிழ்நாட்டுல வாங்க மாட்டேன்னு சொல்றாங்க?

எனக்கு வேலை சென்னையில, சொந்த ஊர் திருவண்ணாமலை பக்கம். சென்னையில டீக்கடை, மாநகர பஸ், காய்கறி வண்டின்னு எங்க நீட்டுனாலும் வாங்கிப் போட்டுக்குவாங்க, மீதி சில்லறையும் அதுலயே தருவாங்க. அதே காயினோட திண்டிவனத்துல பஸ் மாறி செஞ்சி ரோட்ல ஏறுனா போதும், கண்டக்டர் கையை பின்னாடி இழுத்துக்குவாரு, "காயின் வேணாங்க, நோட்டா குடுங்க". அதே மாநிலம், அதே நாள், ரெண்டு மணி நேரத்துல எப்படிங்க காசு செல்லாம போகும்?

நானும் விடாம ஏன் ஏன்னு கேட்டுப் பார்த்துட்டேன், கடைக்காரங்க, கண்டக்டருங்க, ஆட்டோ அண்ணனுங்கன்னு. யாருமே இது கள்ளக் காசுன்னு சொல்லலை. எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, நான் குடுத்தா அடுத்தவன் வாங்க மாட்றான்". அந்த அடுத்தவரைக் கேட்டா அவரும் இதையே சொல்றாரு. காசு மேல யாருக்கும் சந்தேகம் இல்லை, பக்கத்துல இருக்குற மனுஷன் மேலதான் சந்தேகம், அதான் இதுல என்னை ரொம்ப படுத்துற விஷயம்.

புரளி கிளம்புனதுக்கும் காரணம் இருக்கு. 2005-னு வருஷம் போட்ட காயின் மக்கள் கைக்கு வந்ததே 2009-லதான். 2010-ல ரூபாய்க்குன்னு தனி சின்னம் வந்துச்சு, 2011-ல இருந்து காயின்லயும் அது ஏறிடுச்சு. அப்போ கையில ரெண்டு விதம், ஒண்ணுல சின்னம் இருக்கு, ஒண்ணுல இல்லை, ஒண்ணுல மேல பத்து கோடு, இன்னொண்ணுல பதினஞ்சு கோடு. இது போதாதா வாட்ஸப்புக்கு? பத்து கோடு நல்லது பதினஞ்சு கோடு டூப்ளிகேட்னு ஆரம்பிச்சிட்டாங்க. நடுவுல அம்பேத்கரோட 125-வது பிறந்த வருஷம், யோகா தினம், கயிறு வாரியத்துக்கு அறுபது வருஷம்னு விசேஷ காயினுங்க வேற. 2016-ல டெல்லியில கள்ள நாணயம் அடிச்ச கும்பல் பிடிபட்டதா செய்தி வந்துச்சு, அடுத்த மாசமே நவம்பர்ல நோட்டு செல்லாதுன்னு டிவியில சொன்னதும் ஜனங்களுக்கு எந்தக் காசைப் பார்த்தாலும் பயம். ரிசர்வ் வங்கி அந்த நவம்பர்லயே செல்லும்னு சொன்னாங்க, மறுபடி 2018 ஜனவரியில இதுவரைக்கும் வந்த பதினாலு டிசைனும் செல்லும்னு தெளிவா அறிக்கை விட்டாங்க, 14440-னு ஒரு டோல் ஃப்ரீ நம்பர் கூட வச்சாங்க. புரளி பரவுன வேகத்துல அந்த அறிக்கை பரவலை, அவ்ளோதான்.

ஒரு காயினை எடுத்து நல்லா பாருங்க. வெளி வளையம் மஞ்சள், அலுமினிய வெண்கலம், நடுவுல வெள்ளை, எடை 7.71 கிராம். வருஷத்துக்குக் கீழ நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத்ல அடிச்சது, வைரம் மாதிரி குறி இருந்தா மும்பை, புள்ளி இருந்தா நொய்டா, ஒண்ணுமே இல்லைன்னா கொல்கத்தா. இவ்ளோ பார்த்துப் பார்த்து பண்ண காசை ஒரு ஃபார்வர்ட் மெசேஜ் செல்லாக்காசு ஆக்கிடுச்சேன்னு நினைச்சா வயிறு எரியுது.

இதுல அடி வாங்குறது யாருன்னா கிரிவலப் பாதையில பூ விக்கிறவங்க. பௌர்ணமிக்கு சென்னையில இருந்தும் பெங்களூர்ல இருந்தும் வர்ற கூட்டம் பை நிறைய இந்த காயினோட வருது. எங்க தெருவுல இருந்து போய் விக்கிற அக்கா ஒருத்தங்க வாங்கிக்குவாங்க, ஏன்னா வேணாம்னு சொன்னா வந்தவங்க பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. விடியக்காலையில சுருக்குப் பையை அவுத்து, தரையில கொட்டி, பத்து பத்தா அடுக்குவாங்க. அடுத்த நாள் பூ எடுக்கப் போனா மொத்தக் கடையில காயின் வேணாம்னுடுவாங்க. பேங்க்குக்கு எடுத்துட்டுப் போனா, "இன்னிக்கு கூட்டமா இருக்கும்மா, அப்புறம் வாங்க". கடைசியில நூறு ரூபா காயினுக்கு தொண்ணூறு ரூபா நோட்டு தர்ற ஒரு ஆள்கிட்ட மாத்திக்கிட்டாங்க. ராத்திரி முழுக்க கண்ணு முழிச்சு வித்த காசுல பத்துல ஒரு பங்கு சும்மா போகுது. கேட்டா, "என்ன பண்றது தம்பி, அதுவும் இல்லைன்னா மொத்தமும் வீட்லயே கிடக்கும்"னாங்க.

2011 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதுக்கு மேல உள்ள நாணயமும் ஆயிரம் ரூபா வரைக்கும் சட்டப்படி செல்லும். ஆயிரத்துக்கு மேல மொத்தமும் சில்லறையா கொட்டுனா கடைக்காரர் முடியாதுன்னு சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா பேங்க்ல டெபாசிட் பண்றதுக்கு அந்த லிமிட்டும் கிடையாது, எல்லா கிளையும் வாங்கணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவே இருக்கு. நூறு நூறா பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் குடுத்தா எண்ணுறது ஈஸின்னு அவங்களே சொல்லியிருக்காங்க. நூறு காயின், ஆயிரம் ரூபா, முக்கால் கிலோ சொச்சம்.

தர்மபுரி மாவட்டத்துல ஒருத்தர் 2022-ல பத்து ரூபா காயினா சேர்த்து கார் வாங்குனாருல்ல, அது வேடிக்கை செய்தியா ஓடிடுச்சு. ஆனா உண்மையில எங்க ஊர்ல மாத்தம் வந்தது ஒரு மளிகைக் கடையால. "பத்து ரூபா நாணயம் வாங்கப்படும்"னு அட்டையில எழுதி வாசல்ல மாட்டுனாங்க, அவ்ளோதான். யாரும் வாங்கலைன்னா அங்க குடுத்து ஒரு பாக்கெட் எண்ணெய் வாங்கிக்கலாம்ங்கிற தைரியத்துல சுத்தி இருந்த டீக்கடை, பெட்டிக்கடை எல்லாம் ஒண்ணொண்ணா வாங்க ஆரம்பிச்சாங்க. அந்த அட்டை ஒவ்வொரு ஊர் பேங்க் கவுன்ட்டர்லயும், ஈபி ஆபீஸ்லயும், பஸ் ஸ்டாண்ட்லயும் தொங்கணும், கடைசியா வாங்கிக்க ஒரு இடம் இருக்குன்னு தெரிஞ்சா யாரும் பயப்பட மாட்டாங்க. இப்போ பன்னெண்டு பக்கம் வச்ச இருபது ரூபா காயின் வந்துருக்கு, அதை நீட்டுனாலும் சில பேர் திருப்பித் திருப்பிப் பார்க்குறாங்க. அதுக்கும் இந்த கதி வர்றதுக்குள்ள அட்டையை மாட்டிடுங்கய்யா.