தீம்பாரில் நின்றவள் யார்?

கேள்வி: என் மாமி இளவயதில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போனபோது, விடியுமுன் தீம்பாரில் (ரப்பர்க் காட்டில்) வெள்ளைச் சேலையும் மல்லிகை மணமுமாக ஒரு மோகினி நின்றதைக் கண்டதாகச் சொல்வார். இத்தகைய உண்மைப் பேய்க்கதைகளை வாசகர்கள் பகிர்ந்து மகிழ உங்கள் இதழில் இடம் தருவீர்களா?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: இடம் உண்டு, மகிழ்ச்சியோடு தருகிறேன். ஆனால் ‘மோகினி’ என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்கு இருப்பதை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள்.

மோகினி மயக்குவதற்கென்றே வருபவள். அவளுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. நம் தோட்டத்துக் கதைகளில் வருபவளோ பெரும்பாலும் மலாய்க்காரர்கள் பொந்தியானாக் என்று அழைக்கும், பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண். பிடரியில் ஆணி அடித்தால் அவள் அடங்குவாள் என்பது அவர்கள் வழக்கு. பேய் பிடித்தவரின் முடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அறைவது நம் வழக்கு. வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளின் நினைவாக வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டு, அவள் இறக்கி வைக்காமல் போன சுமை வழிப்போக்கர்கள் தங்கள் தலைச்சுமையை அதில் இறக்கும்போதெல்லாம் ஆறும் என்று நம்பிய மக்களுக்கு, அவளை அடையாளம் காண மோகினியின் துணை எதற்கு? நான் வளர்ந்த தோட்டத்தில் சுமைதாங்கி இல்லை. கதைதான் இருந்தது. அந்தக் கதையில் இறந்தவளை எடுத்துவிட்டு மல்லிகைப்பூவை வைத்தால், நமக்கென்று மிஞ்சியிருந்ததும் போய்விடும்.

என் பாட்டி சொன்ன ஒன்றை நானும் பகிர்கிறேன். ஜப்பானியர் காலத்தில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர், போர் முடிந்த பிறகும் திரும்பவில்லை. சில பின்னிரவுகளில் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கும் பால்வாளிகள் மோதிக்கொள்ளும் ஒலி லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசல் வரை வந்து நின்றுவிடும். அவர் மனைவி எழுந்து விளக்கேற்றுவார். கதவை மட்டும் திறக்க மாட்டார், திறந்து பார்த்து வெளியே யாரும் இல்லை என்றாகிவிடக் கூடாதே என்று. 1942-43இல் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. உடன் மாண்ட நம் தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லை. அந்த மூடிய கதவை நினைக்கும்போது இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. வாசகர்களோடு சேர்ந்து நான் அனுபவிக்க விரும்புவது இந்தச் சிலிர்ப்பைத்தான்.

ஆகவே மாமியிடம் மறுபடியும் உட்கார்ந்து கேளுங்கள். அது எந்தத் தோட்டம், அவர் எந்த மர நிரையில் வெட்டிக்கொண்டிருந்தார், அந்த ஆண்டு அந்த லயத்தில் பிள்ளைப்பேற்றில் யாரேனும் இறந்தார்களா, மல்லிகை மணம் அன்றே வீசியதா அல்லது பிற்காலத்தில் படம் பார்த்துச் சேர்ந்துகொண்டதா என்று விசாரியுங்கள். இறந்தவரின் குடும்பத்தார் இருந்தால் பெயரை மாற்றிக்கொள்ளலாம். மற்ற எதையும் மாற்றாமல், மாமி பேசும் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி வந்த கதைகளை வெளியிட மாட்டேன். உங்கள் மாமியின் கதைக்கு எத்தனை பக்கம் வேண்டுமோ, அத்தனையும் தருவேன்.